நெல் ஊறல் தண்ணீரிலிருந்து எரிபொருள்: டெல்டாவில் யாராவது செய்து பார்த்தீர்களா?

மூணாறு தலைப்பு (சித்திரை, முதல் வாரம்)

வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் எங்களுக்கு ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருக்கிறது. தாத்தா போட்ட களம், அப்பா வைத்த பாய்லர், நான் வாங்கிய கடன் என்று மூன்று தலைமுறைச் சொத்து. நாளொன்றுக்கு 30 டன் நெல் அவிக்கிறோம்.

நெல்லை ஊறவைத்து வடிக்கும் தண்ணீர்தான் பிரச்சினை. டன்னுக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் வடிகிறது. ஆலைக்குப் பின்னால் வெட்டிய குட்டையில் அது நின்று, கறுத்து, நுரைத்து, ஒரு மழை பெய்தால் கரை தாண்டி வடிகால் வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. சாயங்காலம் காற்று திரும்பினால் கடைத்தெரு வரைக்கும் வாடை. எச்சரிக்கை நோட்டீஸும் வந்துவிட்டது.

போன வாரம் வெளியூரிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். இந்தத் தண்ணீரை நொதிக்க வைத்தால் எரிபொருள் கிடைக்கும், பாய்லருக்கு உமியே வேண்டாம், உமியை முழுவதும் விற்றுவிடலாம், மூன்று வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்றார். அவர் கொடுத்த ஒரு காகிதத்தில் எத்தனால் என்று இருக்கிறது, இன்னொன்றில் பயோகேஸ் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். "எல்லாம் நொதித்தல்தான் சார்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்.

உண்மையிலேயே நடக்கிற காரியமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரந்தைச் சந்து

உமியை விற்றுவிடலாம் என்றாரல்லவா, அவரே வாங்கிக்கொள்வாரா என்று கேட்டீர்களா?

பாய்லர் வீடு

தம்பி, நான் திருவாரூர், கும்பகோணம் பக்கத்து ஆலைகளில் 41 வருடம் அவியல் பார்த்தவன். நொதித்தலைப் பற்றி எனக்குத் தெரியாது, ஊறலைப் பற்றித் தெரியும். முதலில் ஒன்று சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிறீர்களா, வெந்நீரிலா?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் பச்சைத் தண்ணீர்தான். சிமெண்ட் தொட்டியில் இரண்டு நாள், குளிர்காலமாக இருந்தால் மூன்று நாள் நெல் கிடக்கும். எந்த ஆலையில் எத்தனையாவது நாள் ஊறல் என்று தெருவில் நடந்து போகிறவன் மூக்கை வைத்தே சொல்லிவிடுவான். அந்த வாடை சோற்றிலும் இருக்கும். பட்டணத்துக்காரர்கள் புழுங்கல் என்றாலே முகத்தைச் சுளித்தது அதனால்தான். வாடையை அடக்கக் குரோமேட் உப்பைக் கரைத்து ஊற்றிய காலமும் உண்டு. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்து முறை வந்தது. 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும். நெல் நொதிக்க நேரமே கிடைக்காது. அதற்கும் மேலே, அழுத்தத்தில் அவிக்கிற முறையைத் திருவாரூரிலேயே கண்டுபிடித்தார்கள். அதில் ஊறல் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அன்றைக்கு அங்கே இருந்த நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம்தான் இப்போது தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்து நிற்கிறது.

என் கட்சி இதுதான். நொதிக்க வைப்பது எப்படி என்று யோசிப்பதற்கு முன்னால், நொதிக்க விடாமல் வடிப்பது எப்படி என்று பாருங்கள். நெல்லைத் தூற்றிக் கருக்காயும் மண்ணும் போன பிறகு தொட்டியில் ஏற்றுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

மூணாறு தலைப்பு

ஐயா, வெந்நீர்தான். ஏற்றும்போது 70 இருக்கும். ஆனால் இரவு ஷிப்டில் தொட்டியை நிரப்பிவிட்டு ஆட்கள் போய்விடுகிறார்கள், காலையில் வந்துதான் வடிக்கிறோம். பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது. தூற்றுகிற இயந்திரம் இருக்கிறது, பெல்ட் அறுந்து நான்கு மாதமாகிறது. கேட்டதும்தான் உறைக்கிறது.

பாய்லர் வீடு

பெல்ட்டை மாற்றுங்கள். மற்றது அப்புறம்.

காற்றில்லாத் தொட்டி

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இருபது வருடமாக வேலை செய்கிறேன், சொந்த ஊர் பாபநாசம். கணக்கை விரித்துப் போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், காசு மிச்சமாகும்.

"எல்லாம் நொதித்தல்தான்" என்று அவர் சொன்னது பொய்யில்லை. தோசை மாவும் நொதித்தல்தான், கள்ளும் நொதித்தல்தான், சாணக்குழியும் நொதித்தல்தான். ஆனால் மூன்றும் மூன்று வகை உயிர்களின் வேலை. ஒரு பானையில் மூன்றையும் எதிர்பார்க்க முடியாது.

முதலில் எத்தனால். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து ஏட்டுக்கணக்கில் 510 கிராம் சாராயம், அதற்கு மேல் ஈஸ்ட்டைக் கெஞ்சினாலும் வராது. உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது? கழிவுநீரின் கனத்தை அளக்க சி.ஓ.டி. என்று ஓர் அளவு வைத்திருக்கிறோம். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளை முழுவதும் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் அது. உங்கள் ஆய்வு அறிக்கை வரும்வரை லிட்டருக்கு 3000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ. நாளைக்கு 30,000 லிட்டர் என்றால் 90 கிலோ.

அந்த 90 கிலோ சி.ஓ.டி.யும் சர்க்கரையால் மட்டுமே வந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 55 லிட்டர் சாராயத்துக்கு மேல் கிடைக்காது. அதுவும் 30,000 லிட்டர் தண்ணீரில் கரைந்து கிடக்கும், நூறு லிட்டரில் கால் லிட்டர் கூடக் கிடையாது. அதைப் பிரிக்கத் தண்ணீர் முழுவதையும் கொதிநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் செலவாகும் வெப்பம் கிடைக்கப்போகிற சாராயத்தின் வெப்பத்தைப்போல் ஏழெட்டு மடங்கு. வெப்பத்தை எவ்வளவு திரும்பப் பிடித்தாலும் கட்டாது. சர்க்கரை ஆலை மொலாசஸில் பாதிக்குப் பாதி சர்க்கரை இருக்கிறது, அதனால் டன்னுக்கு 220 லிட்டருக்கு மேல் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து ஊறல் தண்ணீரில் ஒட்டவைத்தவர் கெட்டிக்காரர்தான். போதாததற்கு, சாராயம் வடிக்கிறேன் என்று ஆலைக்குள் ஒரு கோபுரம் எழுப்பினால் மதுவிலக்குக்காரர்களும் வந்து உட்காருவார்கள்.

அடுத்தது எரிவாயு, அதாவது பயோகேஸ். இது காற்றில்லாத இடத்தில் நடப்பது. ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும், இன்னொரு கூட்டம் சர்க்கரையை அமிலமாக்கும், கடைசிக் கூட்டம் அமிலத்தை மீத்தேனாக்கும். நீக்கிய ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் 0.35 கன மீட்டர் மீத்தேன். இது இயற்கை விதித்த கணக்கு, எந்தக் கம்பெனி இயந்திரமும் இதை மீற முடியாது. 90 கிலோவில் 80 சதவீதம் நீங்கினால் 72 கிலோ, கிடைப்பது 25 கன மீட்டர் மீத்தேன். வீட்டுச் சமையல் சிலிண்டர் கணக்கில் நாளைக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு.

இனி உமி. 30 டன் நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி, 6 டன். ஒரு கிலோ உமியில் 13 மெகாஜூல் வெப்பம். உங்கள் ஒரு நாள் எரிவாயு முழுவதும் சேர்ந்து 70 கிலோ உமிக்குச் சமம்.

6000 கிலோ உமி கிடைக்கிற இடத்தில் 70 கிலோ. பாய்லருக்கு உமியே வேண்டாம் என்று சொன்னவர் இந்த ஒரு வரியைத்தான் சொல்லாமல் விட்டார்.

கரந்தைச் சந்து

ஆக, தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டு உமியை எரிப்பதுதான் லாபம் என்கிறீர்கள்.

கோரையாற்றுக் கடைமடை

இதுவரை எழுதியதெல்லாம் படித்தேன். எரிபொருள் என்ற சொல் எத்தனை முறை வருகிறது, வயல் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வயலுக்கு மேல்கையில் ஓர் ஆலை. உங்களுடையதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. மடைவாயில் இருக்கும் ஒரு மா (ஏறக்குறைய 33 சென்ட்) நிலத்தில் பயிர் ஒரு வருடம் கருகருவென்று ஓங்கி வளர்ந்து கதிர் வாங்கும் நேரத்தில் சாய்கிறது, மறு வருடம் வேர் கறுத்துத் தூர் கட்டாமல் நிற்கிறது. நாற்றைப் பிடுங்கினால் சாக்கடையில் கைவிட்ட மாதிரி முட்டை நாற்றம். முறைத் தண்ணீர் வருகிற நாளில் இந்தத் தண்ணீரும் கலந்து வந்தால் மடையைத் திறப்பதா மூடுவதா என்று வாய்க்கால் கரையில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும், தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் நாங்கள். வந்த தண்ணீரைத் திருப்பி அனுப்புகிற நிலைமையை யாரிடம் சொல்வது?

லாபம் வந்தால்தான் சுத்தம் செய்வீர்கள் என்றால் லாபம் வராத வருடத்தில் என்ன செய்வீர்கள்?

கரந்தைச் சந்து

அக்கா, கிண்டலாகச் சொன்னது. மன்னியுங்கள்.

காற்றில்லாத் தொட்டி

அம்மா கேட்டதுதான் நான் சொல்ல வந்ததன் மறுபாதி. நேற்று இரவு தூக்கம் வந்ததால் நடுவில் நிறுத்திவிட்டேன், தப்பான பாதியோடு நின்றுவிட்டது.

எரிவாயுவுக்காக இதைச் செய்தால் நஷ்டம். தண்ணீருக்காகச் செய்தால் எரிவாயு இனாம். தண்ணீரைச் சுத்தம் செய்தே தீரவேண்டும், ஆற்றிலோ வாய்க்காலிலோ விடவேண்டுமென்றால் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்னச் செலவாகும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், சி.ஓ.டி. 250க்குள் வரவேண்டும் என்பது சட்டம். காற்று ஊதித்தான் முழுவதையும் சுத்தம் செய்வேன் என்றால் ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் என்று கணக்கிடுவது வழக்கம். நாளைக்கு 90 யூனிட், மாதம் முழுவதும் மோட்டார் ஓடும். அதில் சேரும் சேற்றை வாரிக் கொட்ட இடமும் வேண்டும். காற்றில்லாத் தொட்டியில் முக்கால் பாகத்துக்கு மேல் மின்சாரமில்லாமலே கரைந்துவிடும், சேறும் கொஞ்சம்தான் சேரும். மிஞ்சியதற்கு மட்டும் காற்று ஊதினால் போதும், அல்லது சம்பும் நாணலும் வளர்ந்த ஆழமில்லாத குட்டையில் சில நாள் நிறுத்தலாம்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. வீட்டுச் சாண எரிவாயுக் கலன் மாதிரி பெரிதாக ஒன்று கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். சாணம் அதில் 30, 40 நாள் தங்கும். உங்கள் தண்ணீரை 30 நாள் தங்கவைக்க 9 லட்சம் லிட்டர் தொட்டி வேண்டும், களத்தையே தோண்ட வேண்டியதுதான். தண்ணீர் ஒரே நாளில் வெளியே போகவேண்டும், ஆனால் நுண்ணுயிர் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கவேண்டும். இந்த முடிச்சை 1970களில் நெதர்லாந்தில் லெட்டிங்கா என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் அவிழ்த்தார்கள். தண்ணீரைத் தொட்டியின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறவிட்டால், நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கேழ்வரகு மாதிரி உருண்டைகளாகத் திரண்டு அடியிலேயே படிந்துவிடுகின்றன. தண்ணீர் அவற்றின் நடுவே புகுந்து மேலே போய்விடும். உங்களுக்கு 40,000 லிட்டர் தொட்டி போதும், நாலரை மீட்டர் உயரம். ஒரு லாரி நிறுத்துகிற இடத்தில் அடங்கிவிடும்.

இருள் நொதித்தல்

நான் ஆராய்ச்சி மாணவி. இந்தத் துறையில் இப்போது எல்லோரும் ஹைட்ரஜனைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இங்கே யாரும் தொடவில்லையே என்று பார்த்தேன். மீத்தேனாக்கும் கடைசிக் கூட்டத்தை மட்டும் அடக்கி வைத்தால், நடுவில் அமிலமாக்கும் கூட்டம் ஹைட்ரஜனை வெளிவிடும். சேற்றைக் கொஞ்ச நேரம் கொதிக்கவைத்தால் மீத்தேன் கூட்டம் செத்துவிடும், விதைக்கூடு கட்டும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா தப்பித்துக்கொள்ளும். அமிலநிலையை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5 அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரிசி ஆலைத் தண்ணீர் இதற்கு ஏற்றது, மாவுச்சத்து நிறைய.

காற்றில்லாத் தொட்டி

அறிவியல் சரிதான் அம்மா. விளைச்சலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இருள் நொதித்தல்

ஒரு மூலக்கூறு குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 4 ஹைட்ரஜன். ஆய்வகத்தில் பெரும்பாலும் இரண்டையொட்டியே நிற்கிறது. குளுக்கோஸில் உள்ள ஆற்றலில் ஹைட்ரஜனாக 40 சதவீதத்துக்கு மேல் கையில் வராது, நடைமுறையில் அதில் பாதி. மிச்சமெல்லாம் அசிட்டிக், பியூட்டிரிக் அமிலமாகத் தண்ணீரிலேயே கிடக்கும். மீத்தேன் வழியில் போனால் 90 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்.

ஆமாம், அப்படிப் பார்த்தால் தண்ணீர் சுத்தமாகாது. முதல் தொட்டியில் ஹைட்ரஜன், இரண்டாவது தொட்டியில் மீத்தேன் என்று பிரித்து வைக்கத்தான் வேண்டும். என் வழிகாட்டியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். (பியூட்டிரிக் அமிலத்தின் வாடையை நான் இங்கே விவரிக்கவில்லை. விடுதியில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.)

பேராவூரணி இளநீர்

எரிபொருள்தான் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். கொப்பரைக்கு உடைக்கிற களங்களில் முற்றிய தேங்காய்த் தண்ணீர் தரையில் ஓடுகிறது. நாக்கில் வைத்தால் இனிக்கும் தண்ணீர், இரண்டே நாளில் புளித்து ஈ மொய்க்கும். 2018 கஜா புயலில் பாதித் தோப்பு போனது. மிஞ்சியதை வைத்துப் பிழைக்கிறோம், அதில் ஒரு பங்கு மண்ணில் போகிறது.

காற்றில்லாத் தொட்டி

தேங்காய்த் தண்ணீர் ஊறல் தண்ணீரைவிடப் பல மடங்கு கனமானது. ஆனாலும் அதை எரிப்பது பாவம், காடியாக்கி விற்றால் எரிவாயுவைவிட நல்ல விலை. களங்கள் ஆளுக்கொரு மூலையில் இருப்பதால் சேகரிப்பதுதான் தலைவலி. தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன்.

ராசிபுரம் ஜவ்வரிசி

டெல்டாக்காரன் இல்லை, காவிரிக்கு மேல்கையில் இருப்பவன், ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் இந்தத் தொட்டிகள் வந்து பல வருடமாகிவிட்டன. மரவள்ளிக்கிழங்கு மாவுத் தண்ணீர் உங்களுடையதைவிடக் கனம், அதனால் எங்களுக்கு வாயு உருப்படியாகக் கிடைக்கிறது. ஜெனரேட்டரும் ஓட்டுகிறோம். உங்களுக்கு அந்த அளவு வராது, பொறியாளர் கணக்கு சரி.

ஆனால் பட்ட அடிகளைச் சொல்கிறேன். முதல் தொட்டியில் நாங்கள் அவசரப்பட்டு முழுத் தண்ணீரையும் விட்டோம். அமிலமாக்கும் கூட்டம் வேகமானது, மீத்தேன் கூட்டம் ஆமை. முன்னவன் சமைத்துக் குவிக்கிறான், பின்னவனால் தின்று தீர்க்க முடியவில்லை. தொட்டி புளித்துவிட்டது. சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்ய இரண்டு மாதம். அமிலநிலை 6.5க்குக் கீழே இறங்கினால் ஊட்டுவதை நிறுத்துங்கள், கணக்குப்பிள்ளை என்ன சொன்னாலும் நிறுத்துங்கள்.

உங்கள் ஊறல் தண்ணீர் சூடாக வரும், அதுவும் கவனம். 40 டிகிரிக்கு மேல் உள்ளே விட்டால் இந்தக் கூட்டம் சாகும். ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வழியாக ஓடவிட்டு ஆறவையுங்கள். 35 அளவில் போனால் ராஜபோகம். குளிர்நாட்டுக்காரன் காசு கொடுத்துச் சூடாக்குகிறான், நமக்குச் சும்மா கிடைக்கிறது.

விதைச் சேறு (இந்த நுண்ணுயிர்கள் நிறைந்த எங்கள் தொட்டிச் சேறு) வேண்டுமென்றால் சொல்லுங்கள், டேங்கர் அனுப்பினால் நிரப்பித் தருகிறேன்.

கடைசியாக ஒன்று, இதைப் பெரிய எழுத்தில் போட முடிந்தால் போட்டிருப்பேன். அடைப்பு எடுக்க, சேறு அள்ள, சாவி விழுந்துவிட்டது என்று எதற்காகவும் எந்த ஆளையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். தொட்டியில் உண்டாகும் முட்டை நாற்ற வாயு (ஹைட்ரஜன் சல்ஃபைடு) கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் மூக்கு செத்துவிடும், வாடையே தெரியாது. முதலில் இறங்கியவன் மயங்குவான், தூக்க இறங்கியவனும் போவான். எல்லாக் குழாயையும் வெளியிலிருந்தே கழற்றிச் சுத்தம் செய்கிற மாதிரி கட்டுங்கள்.

நெறியாளர்

இந்த இடத்தில் இருந்த ஒரு விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. "மூன்று வருடத்தில் முதல் திரும்பும்" என்று தொடங்கியது.

கரந்தைச் சந்து

அதே ஆள்தான்!

வடுவூர் ஏரிக்கரை

எல்லாம் சரி, ஊரில் என்ன பெயர் சொல்லிக் கட்டப்போகிறீர்கள்? வாசலில் "மீத்தேன் உற்பத்தி" என்று பலகை மாட்டினால் மறுநாள் காலை மன்னார்குடிச் சாலையில் பஸ் போகாது. நானே வந்து உட்காருவேன், காரணம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த மண்ணுக்கடியில் இருக்கும் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தார். அந்த அலைச்சலில்தான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் கண்ணை மூடினார். 2020இல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது என்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய கால்வலி இருக்கிறது. அந்த ஒரு சொல் இங்கே சாதாரணச் சொல் இல்லை.

காற்றில்லாத் தொட்டி

சரியாகச் சொன்னீர்கள். மூலக்கூறு ஒன்றுதான், சங்கதி வேறு. அங்கே நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றி, நிலக்கரியின் அழுத்தத்தைக் குறைத்து வாயுவை எடுக்கவேண்டும். நெல் விளைகிற மண்ணில் அதைச் செய்வதைத்தான் எதிர்த்தோம். நானும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கே எடுப்பது குட்டையில் இப்போதே குமிழ் விட்டுக்கொண்டிருக்கிற வாயு. அதைப் பிடித்து எரிக்காமல் விட்டால் வானத்துக்குப் போகிறது, சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் கெட்டது.

பெயரைப் பொறுத்தவரை "ஊறல் நீர்ச் சுத்திகரிப்பு" என்று எழுதுங்கள். அதுதான் உண்மையும்.

மூணாறு தலைப்பு

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம். வாயுவை அழுத்தி வண்டிகளுக்கு விற்கலாம், 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த சதத் (SATAT) திட்டத்தில் எண்ணெய்க் கம்பெனிகளே வாங்குகின்றன என்று மைத்துனர் சொல்கிறார்.

காற்றில்லாத் தொட்டி

அந்தத் திட்டத்தில் டன் கணக்கில் பேசுவார்கள். உங்கள் 25 கன மீட்டர் மீத்தேன் நாளைக்கு 18 கிலோ. சுத்திகரித்து, அழுத்தி, உருளையில் அடைக்கும் இயந்திரத்தின் வட்டிக்கே காணாது. பத்து ஆலைகளின் தண்ணீரை ஒரே இடத்தில் சேர்த்தால் பார்க்கலாம், ஆனால் இவ்வளவு நீர்த்த தண்ணீரை லாரியில் ஏற்றுவது காற்றை ஏற்றுவது மாதிரி. தொழிலாளர் சமையலுக்கு வையுங்கள், மிச்சத்தை பாய்லர் அடுப்பிலேயே எரித்துவிடுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் எரியாது, துளை பெரிதான பர்னர் வேண்டும். வழியில் இரும்புத் துருவல் நிரப்பிய ஓர் உருளை வைத்தால் முட்டை நாற்றம் அதில் நின்றுவிடும்.

மைத்துனருக்கு என் அன்பு.

மூணாறு தலைப்பு (மார்கழி)

எட்டு மாதம் கழித்து வருகிறேன். கட்டிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெல்ட்டை மாற்றினேன். இரவு ஷிப்டில் இரண்டு ஆட்களைக் கூட நிறுத்தி ஐந்து மணி நேரத்தில் வடிக்க ஆரம்பித்தோம். பாய்லர் வீடு ஐயா சொன்னது போலவே சி.ஓ.டி. குறைந்தது, வாடை அதைவிட அதிகமாகக் குறைந்தது. ஒரு செங்கல் வைக்கும் முன்பே பாதிச் சண்டை தீர்ந்துவிட்டது. அரிசியின் நிறமும் கொஞ்சம் தெளிந்திருப்பதாக வியாபாரி சொன்னார், விலையைக் கூட்டச் சொன்னதும் அப்படியொன்றும் தெரியவில்லை என்று மாற்றிக்கொண்டார்.

தொட்டியை ஆவணியில் முடித்தோம். ராசிபுரம் அண்ணன் இரண்டு டேங்கர் சேறு நிரப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அவர் அத்தனை தடவை எச்சரித்தும், நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் குட்டையைக் காலிசெய்கிற அவசரத்தில் ஆட்கள் முழுத் தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். அமிலநிலை 5.8. தண்ணீர் மோர் மாதிரி வந்தது. நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, இரண்டு வாரம் பட்டினி போட்டு, பத்தில் ஒரு பங்கிலிருந்து மறுபடியும் தொடங்கினோம். இப்போது முக்கால் பங்கு போகிறது. மாதிரி எடுக்கும் குழாயில் கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் வருகின்றன. முதல் முறை பார்த்தபோது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன், நல்ல வரவேற்பு இல்லை.

வாயுவில் 18 பேருக்கு மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும் ஆகிறது. மிச்சம் பாய்லரில். உமி ஒரு மூட்டை கூட மிச்சமானதாகத் தெரியவில்லை.

வெளியே வரும் தண்ணீரைச் சம்புக் குட்டையில் நிறுத்தி எங்கள் சொந்த வயலுக்குத்தான் முதலில் விடுகிறேன். பலகையில் "ஊறல் நீர்ச் சுத்திகரிப்பு" என்றே எழுதியிருக்கிறது.

கோரையாற்றுக் கடைமடை

போன வெள்ளிக்கிழமை அந்த வழியாக வந்தபோது இறங்கிப் பார்த்தேன். காவலாளி உள்ளே விட்டார். சம்புக் குட்டைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தேன், நிறம் இன்னும் டீத் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, நாற்றம் இல்லை. எங்களுக்கு மேல்கை ஆலை இது இல்லை என்றும் தெரிந்துகொண்டேன். அந்த ஆலைக்காரரிடம் உங்கள் தொட்டியை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் காட்டுவீர்களா?

மூணாறு தலைப்பு

எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லுங்கள் அக்கா. மதியம் வந்தால் சாப்பாடும் உண்டு.

பொறியாளர் ஐயா, ஒரு சந்தேகம். பொங்கலுக்கு ஆலை ஆறு நாள் விடுமுறை. தொட்டிக்கு அந்த நாட்களில் என்ன கொடுப்பது? அரிசி கழுவிய தண்ணீர், வெல்லக் கரைசல் ஏதாவது ஊற்றலாமா?

காற்றில்லாத் தொட்டி

ஒன்றும் வேண்டாம். அது மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். வெல்லத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மறுபடியும் மோர்தான். திறந்த அன்றே முழுச் சாப்பாடு போடாமல் பாதியில் ஆரம்பித்து மூன்று நாளில் கூட்டுங்கள். இன்றைய அமிலநிலை எவ்வளவு?

மூணாறு தலைப்பு

காலையில் 6.9.

ராசிபுரம் ஜவ்வரிசி

நல்லது. சுண்ணாம்பு மூட்டை ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.